எல்லாம் சரி என்று சொன்னவன்

கர்நாடகத்து ஹரபனஹள்ளியில் ஹொஸ்பேட்டை சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான் கொட்ரேஷ். கருகிப்போன பம்ப்செட் மோட்டார்களைச் சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு அவனிடம்தான் வருவார்கள். கை சுத்தமான வேலைக்காரன், வாயில் கெட்ட வார்த்தை வராது, குடி கிடையாது. அவனுக்கும் தாட்சாயிணிக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. ஊருக்குத் தெரிந்த குறை அது ஒன்றுதான்.

கொட்டூரிலிருந்து வந்தவள் தாட்சாயிணி. பி.ஏ. முடித்தவள். கல்யாணத்தன்று அவளுக்கு இருபத்து மூன்று, அவனுக்கு இருபத்தெட்டு. முதல் இரவில் அவளைத் தொட்ட சில நொடிகளில், இருவரும் சேர்வதற்கு முன்பே, அவனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாண அலைச்சல், மூன்று நாளாகத் தூக்கமில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மறுநாளும் அப்படியே ஆயிற்று. அந்த வாரம் முழுவதும், அந்த மாதம் முழுவதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து போய் லுங்கியை மாற்றிக்கொண்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அவளுக்கு இதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. கல்யாணம் என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். ஒருநாள் மட்டும் கணவனைக் கூப்பிட்டு, “ரீ, என்மேல ஏதாவது கோவமா?” என்று கேட்டாள்.

“கோவமா? எதுக்கு?”

“இல்ல, உடனே திரும்பிக்கறீங்களே.”

“வேலை ஜாஸ்தி. களைப்பு.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வெயில் காலத்தில் மோட்டார்கள் வரிசையாகக் கருகி வரும்போது, அவசர வேலை என்று சொல்லிவிட்டுக் கடையிலேயே படுத்துக்கொள்ளப் பழகினான். மழைக்காலத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்கு எதிரே மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் விற்கும் வண்டி வரும். பம்ப் வியாபாரி நாகேந்திரப்பா அங்கே வந்து நின்றால் சுற்றியிருப்பவர்களுக்கு வேலை ஓடாது. ஒருநாள் பக்கத்து ஊரில் மூன்றே மாதத்தில் முறிந்துபோன கல்யாணம் ஒன்றைப் பற்றிச் சொன்னான்.

“பொண்ணு வீட்டுக்காரங்க பஞ்சாயத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? மாப்பிள்ளை ஆள் பாக்க எருமைக்கடா மாதிரி இருக்கானாம். ஆனா சுவிட்சுல கை வெச்சதும் ஃப்யூஸ் போயிடுதாம்!”

வண்டியைச் சுற்றி நின்றவர்கள் வாயிலிருந்த மண்டக்கி தெறிக்கச் சிரித்தார்கள்.

“ஏன் கொட்ரேஷி, நீதானே காயில் கட்டற ஆளு. அந்தப் பையனை உங்கிட்ட அனுப்பி வெக்கட்டுமா?”

“அனுப்பு, அனுப்பு. தாமிரக் கம்பியைக் கொஞ்சம் தடிமனாப் போட்டு விடறேன்” என்றான் கொட்ரேஷ். எல்லோரையும் விட அவன்தான் சத்தமாகச் சிரித்தான். பிறகு கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கருகிய வார்னிஷ் நாற்றத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பெயர் தெரியாத அந்தப் பையனின் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்தான்.

தாவணகெரே பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் மாதம் இரண்டு நாள் வந்து தங்கும் வைத்தியரின் விளம்பரம் வழி நெடுக மதில்களில் எழுதியிருக்கும். தாமிரக் கம்பி வாங்கப் போன சாக்கில் ஒரு தடவை மாடியேறிப் போனான். வைத்தியர் அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா?”

கொட்ரேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

“அதான். இருந்ததையெல்லாம் அப்பவே கொட்டிக் கவுத்துட்டே. இப்போ நரம்பு தளர்ந்து கிடக்கு. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா கை கால் இழுத்திருக்கும். நல்ல நேரத்துல வந்தே.”

பழுப்பு நிறப் பொடி. காலையும் மாலையும் பாலில் கலந்து குடிக்க வேண்டும். வயிற்றுச் சூட்டுக்கு மருந்து என்று வீட்டில் சொன்னான். தாட்சாயிணி தினமும் இரண்டு வேளை பாலைக் காய்ச்சி, பொடியைத் தன் கையாலேயே கலக்கி, ஆடை படியாமல் ஆற்றிக் கொடுத்தாள். ஒன்றரை வருஷம் குடித்தான். நெஞ்செரிச்சல் வந்தது. வேறு எதுவும் மாறவில்லை. பதின்மூன்று வயதில் செய்ததற்கு இப்போது தண்டனை அனுபவிக்கிறோம் என்கிற எண்ணம் மட்டும் உள்ளே இறங்கி வேர் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது வருஷத்திலிருந்து அவன் அம்மா ஹாலம்மா பேச ஆரம்பித்தாள். பொல்லாதவள் இல்லை. இளம் வயதிலேயே கணவனை இழந்து, மகனையும் மகளையும் வளர்த்து ஆளாக்கியவள். பேரப்பிள்ளை வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. ஊரிலிருந்த டாக்டரம்மாவிடம் மருமகளைக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையில் தாட்சாயிணிக்கு உடம்பு ஊதியது. ஒன்றும் பலிக்காமல் போகவே, கணவனையும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டு கொட்ரேஷின் சட்டைப் பையில் இரண்டு மாதம் கிடந்து, வேர்வையில் மசி அழிந்துபோயிற்று. ஒருநாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

“லே கொட்ரா, அந்த டெஸ்டு எடுத்தியா இல்லியா?”

அடுப்படியில் தாட்சாயிணி சோளரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“எடுத்துட்டேன் அவ்வா. தாவணகெரேயில.”

“என்ன சொன்னாங்க?”

“எல்லாம் சரியா இருக்குன்னாங்க.”

ஹாலம்மா கழுத்தில் கட்டியிருந்த லிங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது, முன்னைவிட மெதுவாக. எடுக்காத டெஸ்டுக்கு அவன் சொன்ன அந்த ஒரு பதிலில், குறை முழுவதும் அவள் தலையில் போய் இறங்கிவிட்டது. அது அவனுக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. இன்னொரு ரொட்டி வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பௌர்ணமிதோறும் உச்சங்கிதுர்கா மலைக்கு ஈரச் சேலையோடு ஏற வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஏறினாள். சனிக்கிழமை சாப்பாட்டை விட்டாள். யாரோ கொடுத்த வேரை அரைத்துக் குடித்துவிட்டு இரண்டு நாள் வாந்தியெடுத்தாள். கொட்ரேஷின் தங்கை சுவர்ணாவுக்கு ஏழாம் மாதம் வீட்டில் சீமந்தம் நடந்தது. பச்சை வளையல் அடுக்கி, சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து அரிசியும் தேங்காயும் வெற்றிலையும் அவள் மடியில் நிரப்பினார்கள். தாட்சாயிணியும் கையில் அரிசியோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது, “நீ உள்ளே போய் பாயசத்தைப் பாரும்மா, அடிபிடிச்சிடப் போகுது” என்றாள் ஹாலம்மா. குரலைக்கூட உயர்த்தவில்லை. அரிசியைத் திரும்பத் தாம்பாளத்தில் போட்டுவிட்டு தாட்சாயிணி உள்ளே போனாள். பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த கொட்ரேஷ் அதைப் பார்த்தான். அடுத்த நாற்காலியை எடுக்கக் குனிந்தான்.

ஆறாவது வருஷம் தாட்சாயிணியே அவனிடம் கேட்டாள். “தாவணகெரேயில பாட்டீல்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. அவங்களும் இல்லன்னு சொல்லிட்டா நான் விட்டுடறேன்.”

டாக்டர் பாட்டீலுக்கு ஐம்பது வயதிருக்கும். தாட்சாயிணியை முதலில் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். வெளியே பெஞ்சில் கொட்ரேஷ் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்து அவள் வந்தபோது முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. “என்னமோ கேட்டாங்க. எவ்வளவு நேரம்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. உங்களை வரச் சொல்றாங்க” என்றாள்.

உள்ளே போனதும் டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் முழுசாச் சேர்ந்திருக்கீங்களா, ஒரு தடவையாவது?”

ஆறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கொட்ரேஷ் மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தான். பொய் தொண்டை வரை வந்தது. ஆனால் தலை தானாகவே இல்லை என்று அசைந்தது.

“அதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோயிடுதா?”

“ஆமா.”

“ஆரம்பத்துலேருந்தே?”

“ஆமாம்மா.” சொன்னதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்துச்சு. அதனாலன்னு வைத்தியர் சொன்னார்.”

“அதனாலன்னா இந்தத் தேசத்துல ஒருத்தருக்கும் குழந்தை பிறந்திருக்காது” என்றார் டாக்டர். அவன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “இங்க பாருங்க. ஆம்பிளைங்களுக்கு வர்ற தொந்தரவுகள்ல ரொம்ப சகஜமானது இது. சிலருக்கு உடம்போட அமைப்பே அப்படி. பயம் சேந்துக்கிட்டா இன்னும் மோசமாகும். இன்னிக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயந்துட்டே போனா, அப்படித்தான் ஆகும். இது ஆண்மைக் குறைவு இல்ல. தப்புக்குத் தண்டனையும் இல்ல.”

ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே சொன்னார். தினம் ஒரு மாத்திரை, பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், தலைசுற்றல் வந்தால் வந்து சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. சிறுநீரை நடுவில் அடக்குகிற தசை இருக்கிறதே, அதை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. பிறகு முக்கியமானது.

“அவசரம் வர்ற மாதிரி தெரிஞ்சதும் நிறுத்திடணும். அடங்கினதும் மறுபடி ஆரம்பிக்கணும். மூணு தடவை நிறுத்திட்டு, நாலாவது தடவை விட்டுடலாம். முதல்ல நீங்க தனியா பழகுங்க. அப்புறம் அவங்க கையால. முதல் சில வாரம் சேரணுங்கற நினைப்பே வேண்டாம். பக்கத்துல இருந்தா போதும், தொட்டுக்கிட்டா போதும். அவங்களுக்கு என்ன பிடிக்குதுன்னு கேளுங்க. ஆறு வருஷமா அதை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

“குழந்தை?”

“டெஸ்ட் எடுத்துடலாம். அது சரியா இருந்தா இது ஒரு தடையே இல்ல. உங்க விந்தை ஊசிக்குழாய்ல எடுத்து உள்ளே வெச்சாலே போதும். பெரிய வைத்தியமே இல்ல.”

ஆறு வருஷம். ஊசிக்குழாய்.

“டாக்டரம்மா, அவகிட்ட சொல்லிடாதீங்க.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இந்தப் பயிற்சியில பாதி அவங்க. அவங்களுக்குத் தெரியாம இதைச் செய்ய முடியாது. அடுத்த மாசம் ரெண்டு பேரும் சேந்து வாங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில், “என்ன சொன்னாங்க?” என்று தாட்சாயிணி கேட்டாள்.

“மருந்து குடுத்திருக்காங்க. பாக்கலாம்னாங்க.”

“யாருக்கு மருந்து?”

ஜன்னலைத் தள்ளித் திறக்க முயன்றான். அது இறுகிக் கிடந்தது. “எனக்குச் சத்து மாத்திரை. சும்மா” என்றான்.

ரகசியமாக அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டான். எல்லாம் சரியாகவே இருந்தது. மாத்திரையும் விழுங்கினான். பயிற்சியைத் தனியாகச் செய்து பார்த்ததில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பாடு வருவது தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. ஆனால் அடுத்த படிக்கு அவள் வேண்டும். அவளிடம் சொல்ல வேண்டும். நோயைச் சொல்வது இப்போது கஷ்டமாகத் தோன்றவில்லை. டெஸ்ட் எடுத்ததாகச் சொன்ன பொய்தான் குறுக்கே நின்றது. உச்சங்கிதுர்கா படிகளும், தாம்பாளத்தில் திரும்ப விழுந்த அரிசியும் அந்தப் பொய்யோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நாளை சொல்லலாம், கார்த்திகை கழியட்டும், சங்கராந்தி கழியட்டும் என்று நாலு மாதம் ஓட்டினான்.

அந்த நாலு மாதத்தில் ஹாலம்மா வேறொரு ஏற்பாடு செய்து முடித்திருந்தாள். கூட்லிகியில் ஒரு ஏழைக் குடும்பத்துப் பெண். ஒருநாள் காலை அவன் கடைக்குக் கிளம்பும்போது அதைச் சொன்னாள்.

“மூத்தவளைத் துரத்தணும்னு நான் சொல்லல. அவளும் இந்த வீட்டுலயே இருக்கட்டும், என் மகளாட்டம்.”

“அவ்வா, என்ன பேசறே நீ?”

“நானா பேசல. அவகிட்டயே கேளு.”

தாட்சாயிணி முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள். “நான்தான் சரின்னு சொன்னேன். கட்டிக்கோங்க. என்னால ஆகாததுக்கு நீங்க ஏன் வாழ்க்கையைப் பாழாக்கிக்கணும்?”

அவன் வண்டிச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினான். அம்மா கோயிலுக்குக் கிளம்பும் வரை காத்திருந்தான். பிறகு தாட்சாயிணியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, முதல் இரவிலிருந்து லாட்ஜ் வைத்தியர் வரை, டாக்டர் பாட்டீல் வரை எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முடித்ததும், “இவ்வளவுதானா?” என்றாள். அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ லேசாயிற்று. “இதுக்கா இத்தனை வருஷம் சுவத்தைப் பாத்துட்டுப் படுத்தீங்க? என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன்?”

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அதற்குள் அவள் கேட்டாள்.

“அப்போ அந்த டெஸ்டு?”

“எந்த...”

“அத்தை கேட்டப்போ சொன்னீங்களே. எல்லாம் சரியா இருக்குன்னு.”

“அப்போ எடுக்கல.”

அவள் தன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஒரு பையில் நாலு சேலையும் தன் சான்றிதழ்களும் எடுத்துக்கொண்டு கொட்டூர் பஸ் ஏறினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்ரேஷ் தங்கையையும் அவள் கணவனையும் மாமாவையும் வீட்டுக்கு வரவழைத்தான். நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். “தாட்சாயிணிகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை எங்கிட்ட. ஆறு வருஷமா நான் அவளோட சேரவே இல்ல. டெஸ்ட் எடுத்தேன்னு உங்கிட்ட சொன்னது பொய்.”

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே எழுந்து போனார். சுவர்ணா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். ஹாலம்மா மட்டும் அசையவில்லை. “அந்தப் பொண்ணை என் வாயால பாயசம் கிண்டப் போகச் சொன்னேனே, கொட்ரா” என்றாள்.

இரண்டே நாளில் விஷயம் மண்டக்கி வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. நாகேந்திரப்பா ஏதோ தொடங்கினான். கொட்ரேஷ் கடையிலிருந்து இறங்கிப் போய் அவன் எதிரே நின்றான். “ஆமா, எனக்கு அந்த வியாதிதான். டாக்டர்கிட்ட மருந்து சாப்பிடறேன். வேறென்ன தெரியணும்?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லை என்றிருந்தது.

மூன்று மாதம் கழித்துக் கொட்டூருக்குப் போனான். தாட்சாயிணி ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பள்ளி விட்டதும் வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள். உடம்பு இளைத்து, கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தாள்.

“எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்” என்றான்.

“கேள்விப்பட்டேன். அதுக்குத் தைரியம் வேணும்.” பிறகு விசாரித்தாள். “மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?”

“சாப்பிடறேன். சரியாகும்னு சொல்றாங்க. நாம ரெண்டு பேரும் போனா...”

“சரியாகட்டும். நிஜமா சொல்றேன், எனக்கு அதுல சந்தோஷம்தான்.” அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். “ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க திரும்பிப் படுத்துக்குவீங்கல்ல? என் உடம்புல ஏதோ நாத்தம் வருது, அதான் இவருக்குப் பிடிக்கலன்னு நெனைச்சேன். தினம் ரெண்டு தடவை குளிப்பேன். குளியலறையில நின்னு என் கையை, என் தோளை நானே மோந்து பாப்பேன். ஒண்ணும் தெரியாது. தெரியாதது இன்னும் பயமா இருக்கும். அப்படி அஞ்சு வருஷம். இப்போ யாராவது பக்கத்துல வந்து நின்னாலே நான் தானா ஒரு அடி தள்ளி நிக்கறேன். அந்தப் பிள்ளைங்க வந்து கட்டிக்கும்போதுகூட.”

“தாட்சி” என்றான் கொட்ரேஷ்.

“உங்க வியாதிக்கு மருந்து இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்கு நான்தான் பாத்துக்கணும். உங்க பக்கத்துல இருந்துட்டு அது முடியாது. வரலன்னு கோவிச்சுக்காதீங்க.”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. இருவரும் சம்மதித்து விவாகரத்துக்குக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவனிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்து, “வெயில்ல நிக்காதீங்க, கிளம்புங்க” என்றாள்.

அதற்குப் பிறகும் அவன் டாக்டர் பாட்டீலிடம் போய்க்கொண்டிருந்தான். ஒரு வருஷம் கழித்து மாத்திரையைக் குறைத்தார். நன்றாக முன்னேறியிருக்கிறீர்கள், இனி ஒரு துணை கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை, முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். கூட்லிகிப் பெண்ணின் பேச்சை ஹாலம்மாவும் மறுபடி எடுக்கவில்லை.

பிரிந்த மூன்றாவது வருஷம் சுவர்ணா வந்திருந்தபோது சொன்னாள். தாட்சாயிணி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாளாம், இப்போது வயிற்றில் ஐந்து மாதமாம். கொட்ரேஷ் அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்தான். பரிமாறிக்கொண்டிருந்த ஹாலம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நல்லா இருக்கட்டும்” என்றாள்.

“நல்லா இருக்கட்டும் அவ்வா” என்றான் அவனும்.

தட்டிலிருந்ததை எப்படியோ சாப்பிட்டு முடித்தான். கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனான். ஒரு குடியானவர் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கடலைச் செடி காய்கிறது, எப்போது கிடைக்கும் என்று கேட்டார். கொட்ரேஷ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். கையைக் காட்டி அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.